இரண்டடி இரும்பின் பயணம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடக்கும்போது வெல்டிங் பட்டறை வாசலில் இருபதடிக் குழாய்கள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தகரக் கூரைக்குச் சட்டம் என்று அன்றாட வேலை ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுத் தூணுக்கு அறுத்தது போக மிஞ்சும் துண்டுகளை ஒரு மூலையில் போட்டுவைப்பார்கள். எடைக்குப் போகும் நாள்வரை அவை அங்கேயே கிடந்து துருவேறும். ஒலிபெருக்கிக்கு வீட்டளவில் ஸ்டாண்ட் செய்துகொள்ள நினைப்பவருக்கு வேண்டியது அந்த மூலையில் இருக்கிறது: மூன்று இஞ்ச் சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், இரண்டடி நீளத்தில் இரண்டு துண்டு. என் கூடத்தில் ஸ்பீக்கர்களைத் தாங்கி நிற்கும் ஜோடி அப்படி வந்ததுதான்.

குழாய் பிறக்கும்போது தட்டைத் தகடு. சுருளாக வரும் எஃகுத் தகட்டை நீளப் பட்டைகளாகக் கீறி, உருளைகளுக்கு நடுவே செலுத்தி வளைப்பார்கள். இரண்டு விளிம்பும் சந்திக்கிற இடத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒட்டுவார்கள். வட்டமாக ஒட்டியதை மறுபடி உருளைகளில் அழுத்தினால் சதுரம். உள்பக்கம் விரல் விட்டுத் தடவினால் அந்த ஒட்டு இன்றும் நெருடும். இந்த வித்தை மேற்குச் சென்னைக்கு அந்நியமில்லை. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. சைக்கிள் சட்டத்துக்குக் குழாய் வேண்டுமே, 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. பிறகு ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. இரும்பை அறுக்கவும் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகள் இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கின்றன. ஸ்பீக்கர் ஸ்டாண்ட் போன்ற ஒரு பொருளை இங்கே பட்டறையில் செய்துவாங்க முடிகிறது என்றால் அந்தக் கைகளால்தான்.

ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்ற கேள்வி சென்னைக்குப் பழையது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் பணமில்லாமல் மூடப்பட்டது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரலில் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் கேட்கவேண்டுமென்று கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. அங்கே உயரம் என்பது தூரத்துக்கு எட்டவைக்கும் உபாயம். பிற்பாடு மைக் செட்காரர்கள் கூம்பு ஸ்பீக்கரைச் சவுக்குக் கட்டையிலும் புளியமரத்திலும் கட்டியதும் அதே கணக்கில்தான். தெருமுனைக்குக் கேட்டால் போதும், எப்படிக் கேட்கிறது என்பது அடுத்த பேச்சு.

வீட்டுக்குள் கதை வேறு. வால்வு ரேடியோவுக்குச் சுவரில் மரத்தாங்கி அடித்து, மேலே பின்னல் துணி போர்த்தினோம். டேப் ரெக்கார்டர் வந்தபோது ஷோகேஸில் இடம் ஒதுக்கினோம். தனி ஸ்பீக்கர் வாங்கியவர்கள் அதைப் பரணில் ஏற்றினார்கள். கேசட் காலத்தில் டீக்கடைகளிலும் வாலிபர்களின் அறைகளிலும் மண்பானை புகுந்தது. பானையின் வாயில் ஸ்பீக்கரை மல்லாக்க உட்காரவைத்தால் பேஸ் திடுமென்று பெருகும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. திறந்த வெளியில் முன்னலையும் பின்னலையும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கீழ்ச்சுரங்கள் அதில்தான் முதலில் காணாமல் போகும். பானை அந்தப் பின்னலையைச் சிறைபிடித்தது. தன் வயிற்றுக் காற்றின் அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தது. ஒலியியல் வகுப்பு எதுவும் கேட்காமல் நம்மவர்கள் கண்டுபிடித்த ஸ்பீக்கர் பெட்டி அது. ஸ்பீக்கரின் அடியில் இருப்பது ஒலியை மாற்றும் என்ற அறிவு இந்த ஊரில் அப்போதே இருந்தது. எல்லாச் சுரத்தையும் பானை தன் சுரமாக்கிவிடும் என்பதுதான் அதில் குறை.

இரும்புக் காலும் மணலும் கூர்முனையுமாக நாம் இன்று காணும் ஸ்டாண்ட் இங்கிலாந்திலிருந்து வந்த உருவம். 1970களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடிக்குள் வைக்க எல்.எஸ். 3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஓர் அடி உயரம், ஐந்து கிலோ எடை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதைச் செய்து விற்க, வீடுகளுக்குள் வந்தது. குரலை அது காட்டிய துல்லியத்தைப் பார்த்தவர்கள் அதைப் புத்தக அலமாரியில் அடைக்க மனமில்லாமல் வெளியே எடுத்தார்கள். வெளியே எடுத்தால் எதன்மேல் வைப்பது? அந்தக் கேள்விக்கு விடையாக 1980களில் பிரிட்டிஷ் பட்டறைகள் கனத்த இரும்பு ஸ்டாண்டுகளைச் செய்து தள்ளின. அங்கிருந்து அந்த உருவம் படமாகவும் விளம்பரமாகவும் உலகெங்கும் போயிற்று. நம் ஊருக்கு வரும்போது அந்த வீடுகளின் தரையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உயரம். ஸ்பீக்கரின் மேலே இருக்கும் சிறிய ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்கவேண்டும். மேல்சுரங்கள் டார்ச் வெளிச்சம் போல ஒரு திக்கில் குவிந்து போகும். கீழேயிருந்து கேட்டாலும் மேலேயிருந்து கேட்டாலும் ட்வீட்டரின் ஒலியும் அதன் கீழுள்ள பெரிய வூஃபரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டாமல், இரண்டும் கைமாறும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 93 செ.மீ. ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் 29 செ.மீ. மீதம் 64. கல், தகடுகள், அடிக்கால் எல்லாம் போக 60 செ.மீ. குழாய், அதாவது இரண்டடி. கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் பெரும்பாலும் இந்த உயரத்தில் இருப்பது சோபாவை மனத்தில் வைத்துத்தான். நம் வீடுகளில் பாயை விரித்துச் சப்பணமிட்டுக் கேட்பவர்கள் அனேகம் பேர். அவர்கள் காது 70 செ.மீ. பக்கத்தில் இருக்கும். அவர்களுக்கு 40 செ.மீ. ஸ்டாண்ட்தான் சரி. காசு கொடுத்து வாங்கிய இரண்டடி ஸ்டாண்டுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்துவிட்டு, ஸ்பீக்கர் மந்தமாக இருக்கிறது என்று சொல்வது ஸ்பீக்கருக்கு நியாயமில்லை. காதை அளந்த பிறகே குழாயை அறுக்கவேண்டும்.

பட்டறை அண்ணனிடம் தாளில் வரைந்த படத்தை நீட்டினேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“பூந்தொட்டி வைக்கிறதுக்கா சார்?”

“ஸ்பீக்கர் வைக்க, அண்ணா.”

“எவ்ளோ வெயிட்டு வரும்?”

“ஆறு கிலோ.”

“ஆறு கிலோவுக்கா மூணு இஞ்ச் பைப்பு? ஒண்ணரை இஞ்சே தாங்குமே. ஏன் சார் காசை வேஸ்ட் பண்றீங்க?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பொருளின் உயிர்நாடியே அந்தக் கேள்வியில் இருக்கிறது. தாங்குவதற்கு என்றால் ஒன்றரை இஞ்ச் குழாய் ஒரு ஆளையே தாங்கும். ஸ்டாண்டுக்கு வேலை தாங்குவது மட்டுமில்லை. ஸ்பீக்கர் பேசும்போது தானும் சேர்ந்து பேசாமல் இருக்கவேண்டும். சதுரக் குழாயின் பக்கத்தை இரட்டித்தால், கனம் அதேயானால், வளையாமல் நிற்கும் வலு எட்டு மடங்காகும். ஒன்றரை இஞ்ச் என்றால் மூன்று இஞ்ச்சின் விறைப்பில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதையெல்லாம் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் பக்கத்தில் நின்ற மெல்லிய தூண் ஒன்றின் உச்சியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அது ஆடி நின்றது. “ஆடக்கூடாது, அவ்ளோதானே?” என்றார். அவ்வளவுதான்.

ஏன் ஆடும்? வூஃபரின் கூம்பு முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் உதைபடுகிறது, துப்பாக்கி சுட்டவன் தோளில் வாங்குவது போல. கூம்பு 15 கிராம், பெட்டி 6 கிலோ என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1:400. கூம்பு 1 மி.மீ. நகர்ந்தால் பெட்டி 0.0025 மி.மீ. நகரும். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சொற்பத்துக்கு இத்தனை இரும்பா என்று கேட்கலாம். ஆனால் பெட்டியின் பரப்பு கூம்பின் பரப்பைவிடப் பல மடங்கு பெரியது, நகர்ந்தால் அதுவும் காற்றைத் தள்ளும். அதோடு, உச்சியில் எடையும் கீழே மெல்லிய காலுமாக நிற்கும் எதற்கும் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. இசையில் அந்தத் தாளத்துக்கு ஒத்த சுரம் வந்துவிட்டால் சொற்பம் பெருகும். மிருதங்கத்தின் தொப்பி அடி நின்ற பிறகும் ஸ்டாண்ட் ஒரு கணம் அதைப் பேசிக்கொண்டிருக்கும். கால் விறைப்பாக இருந்தால் அந்த ஆட்டம் மேலே தள்ளிப்போகும், அளவிலும் சுருங்கும்.

கட்டிங் வீலில் குழாயை அறுத்தார்கள். அறுத்த வாய் நேராக இருந்தால்தான் மேல்தகடும் அடித்தகடும் மட்டமாக உட்காரும் என்பதால் மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்துக் கிரைண்டரில் சரிசெய்தார் அண்ணன். மேலே 5 மி.மீ. தகடு, ஸ்பீக்கரின் அடியைவிடச் சற்றே சிறியது. பெரிதாக இருந்தால் ஸ்பீக்கரின் முகத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டு ஒலியைத் திருப்பியடிக்கும். கீழே 6 மி.மீ. தகடு. முதலில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி மட்டும் வைத்தார். மறுபடி மூலைமட்டம். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வெல்டு ஓட்டினார். ஒரே பக்கத்தை முழுதாக முடித்தால் சூடு ஆறும்போது உலோகம் சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். கேட்டில் அந்த இழுப்பைச் சுத்தியலால் அடித்துத் திருத்தலாம். ஸ்டாண்டில் அது ஒரு பாகை சாய்வாக என்றென்றைக்கும் நிற்கும். அடிப்பக்க வெல்டு இடைவெளியில்லாமல் ஓடவேண்டும், ஏனென்றால் உள்ளே மணல் வரப்போகிறது. டார்ச்சைக் குழாய்க்குள் இறக்கிவிட்டு வெளியே வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று சுற்றிப் பார்த்தோம்.

வெல்டு முடிந்த குழாயை அண்ணன் விரல் கணுவால் தட்டினார். கோயில் மணிக்குத் தங்கை மாதிரி நீளமாக ஒலித்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். இந்த ஒலியை அடக்கத்தான் மணல்.

அடிப்பீடத்துக்குக் கல். சமையல் மேடைக்குக் கிரானைட் போடும் ஒவ்வொரு வீட்டிலும் சிங்க் வைக்க ஒரு செவ்வகத்தை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய அந்தத் துண்டு யாருக்கும் உதவாமல் கல் கடையின் பின்புறம் அடுக்கப்பட்டுக் கிடக்கும். ஒரு ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடிக்கல் எந்த அளவில் வேண்டுமோ ஏறக்குறைய அதே அளவு. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம் என்று விளிம்பைச் சீராக்கி வாங்கினால் ஒரு கல் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கருங்கல்லில் போல்ட்டுக்குத் துளை போட, தண்ணீர்க் குழாய்க்குத் துளை போடும் அதே வைர பிட்டைத்தான் கடையில் பயன்படுத்தினார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவசரப்படாமல். நான்கு போல்ட்டுகளில் இரும்பும் கல்லும் ஒன்றாயின. இடையில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு படலம் வைத்தேன். இரும்பு கல்லில் நேரடியாக உட்கார்ந்தால் எங்காவது ஒரு புள்ளியில் கடகடக்கும்.

கல்லின் பயன் ஒலிக்கு மட்டுமில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் இதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும்: இழுத்தால் கவிழுமா? வெறுங்குழாயும் 20 செ.மீ. அடித்தகடும் மட்டும் வைத்து மேலே ஆறு கிலோ ஸ்பீக்கரை ஏற்றினால், பத்துப் பதினோரு பாகை சாய்ந்தாலே போய்விடும். கல்லும் மணலும் சேர்ந்தபின் ஸ்டாண்ட் மட்டுமே 17 கிலோ. எடையின் மையம் 36 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அகலம் குறைந்த பக்கமாகத் தள்ளினாலும் 22 பாகை வரை சாய்ந்து திரும்பி நிற்கும். அழகுக்காக ஒல்லியான அடிப்பீடம் வைத்த விலையுயர்ந்த ஸ்டாண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒலி நன்றாக இருப்பதற்கு முன்னால் அந்தப் பொருள் யார் காலிலும் விழாமல் இருக்கவேண்டும்.

பெயின்டுக்கு அம்பத்தூர் போயிற்று. பவுடர் கோட்டிங் பட்டறைகள் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவை. சின்ன வேலையென்றால் இன்னொரு லாட்டோடு சேர்த்து அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மின்னேற்றிய தூளைத் தூவி, 200 பாகை செல்சியஸ் அருகே சுட்டால் தூள் உருகிப் படிந்துவிடும். மேட் கறுப்பு. கல்லைப் பூட்டி மணல் நிரப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடவேண்டும்.

மணல் விஷயத்தில் நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. ஆற்று மணல்தான் ஒலிக்கு இனிமை, ஈயக் குண்டு போட்டால் பேஸ் இறங்கும் என்றெல்லாம் சொல்வார்கள். இந்த யோசனையின் பூர்வீகம் பழையது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1932இல் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1950களில் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலை நிரப்பி ஸ்பீக்கர் முகப்புகளைச் செய்தார். மணல் செய்வது ஒன்றே ஒன்று. இரும்பு அதிரும்போது மணிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அதிர்வின் ஆற்றல் அந்த உரசலில் வெப்பமாகித் தீர்ந்துபோகிறது. இதற்குப் பாலாற்று மணலும் கல் உடைத்த எம்.சாண்டும் ஒன்றுதான். பாலாறும் கொசஸ்தலையாறும் தோண்டித் தோண்டி ஆழமாகிவிட்ட காலத்தில் ஸ்டாண்டுக்குள் கொட்ட ஆற்று மணல் தேடுவதை என்னால் ஏற்கமுடியாது. எம்.சாண்டைச் சலித்துத் தூசியை நீக்கினால் போதும். கடற்கரை மணலை மட்டும் தொடக்கூடாது. உப்பு உள்ளேயிருந்து இரும்பைத் தின்றுவிடும்.

முக்கியம் அது காய்ந்திருப்பது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட்டேன். அதன் பிறகும் சந்தேகம் தீராமல் இரும்புச் சட்டியில் தவணை தவணையாக வறுத்தேன். கையில் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீராய் ஒழுகவேண்டும், அதுதான் பதம். மேல்தகட்டின் துளையில் புனல் வைத்து ஊற்ற ஊற்ற, மரச் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தால் மணல் இறங்கி இடம் கொடுக்கும். ஒரு குழாய்க்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. நிரம்பியதும் அதே இடத்தில் அதே கணுவால் தட்டினேன். மணி போய்விட்டது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவே.

இப்போது தரை. கடை ஸ்டாண்டுகளின் அடியில் நான்கு கூர்முனைகள் இருக்கும். ஆணி போன்ற அந்த முனைகள் பிரிட்டிஷ் வீடுகளின் கனத்த கம்பளத்துக்காகப் பிறந்தவை. கம்பளத்தின்மேல் தட்டையாக வைத்தால் ஸ்டாண்ட் மெத்தைமேல் நிற்பதாகி ஆடும். முனை கம்பளத்தைத் துளைத்து அடியிலிருக்கும் பலகைத் தரையைத் தொட்டால் ஆட்டம் நிற்கும். சென்னையில் கம்பளம் ஏது? கான்கிரீட்டின்மேல் ஒட்டிய விட்ரிஃபைட் டைல், பழைய வீடானால் மொசைக் அல்லது ரெட் ஆக்சைடு. அவை ஏற்கெனவே பாறை மாதிரி கெட்டி. டைலில் கூர்முனையை வைத்தால் டைல் தெறிக்கும், அதைத் தடுக்க அடியில் நாணயம் வைக்கிறோம். துளைப்பதற்காகச் செய்த முனையைத் துளைக்காமலிருக்க இன்னொன்றைக் கொடுத்துத் தாங்குகிறோம். நம் தரைக்கு வேண்டியது திருகி உயரம் மாற்றக்கூடிய ரப்பர் கால்கள்தான். டைல் ஒட்டியதில் எப்போதும் ஒன்றிரண்டு மி.மீ. ஏற்றத்தாழ்வு இருக்கும். ரசமட்டத்தை மேல்தகட்டில் வைத்து, நான்காவது கால் தரையைத் தொடும்வரை திருகினால் ஸ்டாண்ட் நிலைகொள்ளும். ஸ்பீக்கருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் நான்கு மூலையிலும் மிளகளவு ப்ளூ டாக் என்ற ஒட்டுப் பசை. அழுத்தியதும் ஸ்பீக்கர் நகராது, வேண்டும்போது முறுக்கி எடுத்துவிடலாம்.

ஸ்டாண்ட் செய்யும் மிகப் பெரிய வேலை இனிமேல்தான் வருகிறது. அதற்கும் இரும்புக்கும் மணலுக்கும் சம்பந்தமில்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து பிரித்து அறைக்குள் நிற்கவைக்கிறதே, அதுதான்.

கீழ்ச்சுரங்கள் ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாத் திக்கிலும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேராக வந்ததோடு கலக்கும். சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருக்கும் சுரத்தில், திரும்பி வந்த அலை நேரெதிராக நின்று அதை அழிக்கும். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகிறது. ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து அரை மீட்டர் என்றால் அழியும் சுரம் 174 அல்லது 175 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தில் அது எந்தக் கட்டை என்று பாருங்கள்: 4 கட்டை. 4 கட்டை ஷட்ஜம் 174.6 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரியை இந்த அறையில் போட்டால், தம்புராவின் ஆதார சுருதியே இளைத்துவிடும். பாட்டு முழுக்க நின்று தாங்கவேண்டிய ஷட்ஜம் மேலோசைகளின் ரீங்காரமாக மட்டும் கேட்கும். ரெக்கார்டிங் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினால் பள்ளம் 87 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், தம்புராவின் அந்த ஷட்ஜம் தப்பும். மிருதங்கத்தின் தொப்பி, இளையராஜா பாட்டுகளின் பேஸ் கிடார் இவற்றில் கொஞ்சம் இழக்க நேரிடும். எதை இழப்பது என்று கேட்பவர் தீர்மானிக்கவேண்டும். ஷோகேஸில் அடைபட்ட ஸ்பீக்கருக்கு அந்தத் தீர்மானமே கிடையாது. சுவர், பலகை, மூலை எல்லாம் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கி, நடுவில் எங்கெங்கோ பள்ளம் பறித்துவிடும்.

தரையும் இதையே செய்கிறது. என் அளவுகளில், இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், வூஃபரிலிருந்து தரையில் பட்டு வரும் ஒலி நேராக வருவதைவிட அரை மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 340 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழி. நடுவில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் மேல்சுரங்களின் எதிரொலி அடங்கும். இந்தக் குழி அவ்வளவாக நிரம்பாது, மெல்லிய துணிக்கு அந்த அலைநீளம் கட்டுப்படாது.

முதல் நாள் மாலை ஸ்டாண்டில் ஏற்றிக் கேட்டபோது ஒலி பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றது. பாடுபவர் நடுவில், வயலின் இடப்பக்கம் சற்றுப் பின்னால், மிருதங்கம் வலப்பக்கம். ஷோகேஸில் இருந்தபோது எல்லோரும் ஒரே ஜன்னலில் தலைநீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் எல்லாப் பெருமையையும் 17 கிலோவுக்குக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். ஸ்டாண்டுக்குப் பதிலாக அதே உயரத்தில் ஒரு மர முக்காலியை, டேப்பால் தரையில் குறித்த அதே இடத்தில் வைத்தேன். சத்தத்தின் அளவை மாற்றாமல், நான் கண்ணை மூடிக்கொள்ள வீட்டில் இருப்பவர்களை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். நடுவில் பாடுபவர் முக்காலியிலும் நடுவிலேயேதான் நின்றார். உருவம் கூடிவந்ததற்குக் காரணம் உயரமும் இடமும். பேஸ் கிடாரும் தொப்பியும் வந்த இடங்களில் மட்டும் முக்காலி தன்னைக் காட்டிக்கொடுத்தது, அடி விழுந்து நிற்கும் இடம் மழுங்கியிருந்தது. மணல் உள்ள குழாய், இல்லாத குழாய் வித்தியாசம் அதைவிடச் சிறியது. ஸ்டெதஸ்கோப்பைக் குழாயில் வைத்துக் கேட்டால் அப்பட்டமாகத் தெரிந்தது நாற்காலியில் உட்கார்ந்தபோது சில பாட்டில்தான் தெரிந்தது. ரப்பர் காலா வேறு காலா என்பதில் என் காதுக்குப் பிடிபட எதுவுமில்லை.

ஆகவே வீட்டில் ஸ்டாண்ட் செய்ய நினைப்பவர் பணத்தையும் யோசனையையும் இந்த வரிசையில் செலவழிக்கவேண்டும் என்பேன். காதின் உயரத்தை அளப்பது, சுவரிலிருந்து தள்ளி நிறுத்த அறையில் இடம் பிடிப்பது இவை இரண்டும் காசில்லாதவை, முதலில் வரவேண்டியவை. அடுத்தது விறைப்பும் கவிழாத அடிப்பீடமும். மணல் மலிவு, போட்டுவிடலாம். கூர்முனை, ஈயக் குண்டு, ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வெளிநாட்டுப் பஞ்சணை இவற்றுக்குப் போகும் பணத்தில் நல்ல கச்சேரிகளை வாங்கிக் கேட்கலாம்.

ஸ்டாண்டுகளின் பயணம் அந்தக் கூடத்தோடு முடியவில்லை. வாடகை வீடு மாறவேண்டி வந்தபோது மேல்தகட்டுத் துளையைத் திறந்து, குழாயைக் கவிழ்த்து, மணலைச் சாக்கில் பிடித்தேன். காய்ந்தது காய்ந்தபடியே கொட்டியது. கல்லைக் கழற்றினால் குழாயும் தகடும் சேர்ந்து ஆறேழு கிலோதான், குட்டி யானை வண்டியில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே செருகி எடுத்துப்போனார்கள். புதிய வீட்டின் கூடம் நீளம் குறைவு. சுவரிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளமுடியவில்லை. கணக்கின்படி பள்ளம் 116 ஹெர்ட்ஸ் பக்கம் விழவேண்டும், காதிலும் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. பிறகு ஸ்பீக்கரும் மாறியது. புதியதன் ட்வீட்டர் எட்டு செ.மீ. கூடுதல் உயரத்தில். குழாயை அறுத்துக் குறைக்கலாமா என்று வேலப்பன்சாவடி அண்ணனிடம் போனில் கேட்டேன்.

“எடுத்துனு வாங்க சார், அறுத்துக் குடுத்துடலாம். ஆனா ஒருவாட்டி அறுத்துட்டா அப்பறம் நீட்ட முடியாது. அடுத்தது சின்ன ஸ்பீக்கர் வாங்கினீங்கன்னா?”

அறுக்கவில்லை. ஸ்பீக்கரின் பின்னிரண்டு மூலைகளின் அடியில் வாஷர்களை அடுக்கி, முகம் இரண்டு பாகை கீழே பார்க்கும்படி சாய்த்து, அவற்றின்மேல் ப்ளூ டாக் ஒட்டியிருக்கிறேன். ட்வீட்டர் மறுபடி காதுக்கு நேர் வந்துவிட்டது.